பட்டன் போன்காரருக்கும் ஒரு கவுண்டர் வேண்டும்

“இந்தக் காலத்தில் யாரிடம்தான் போன் இல்லை?” என்று சிலர் கேட்கும்போது மனம் ஆறவே மாட்டேன் என்கிறது. போன் இருக்கிறது, சரி. அது எந்தப் போன், டேட்டா இருக்கிறதா, நம்பர் உயிரோடு இருக்கிறதா?

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடியில் ஒரு பாட்டி இருக்கிறார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். மகன் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த போன், கண்ணாடி முழுக்க விரிசல். வாட்ஸ்அப்பில் வந்த காலை வணக்கப் படங்களால் இடம் நிறைந்து, எந்தச் செயலியையும் புதுப்பிக்க முடியாது. டாப்அப் செய்யாமல் விட்டதில் பழைய நம்பர் போய்விட்டது. உதவித்தொகைக்குப் பதிந்திருந்ததோ அந்த நம்பர். அதை மாற்ற ஓர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். கவுண்டரில் இருந்தவர், சுவரில் ஒட்டியிருந்த கியூஆர் குறியைக் காட்டி, “ஆன்லைனில் செய்யுங்கள்” என்றார். செய்தால், உறுதிசெய்வதற்கான ஆறு இலக்க எண் அந்தச் செத்துப்போன நம்பருக்கே போகிறது! பாட்டி தன் அடையாள அட்டையான மைகாட்டை நீட்டியபடியே நின்றார். தான் இன்னார் என்று காட்ட அவரிடம் வேறு என்ன இருக்கிறது?

கென்யாவில் 2007-இல் எம்-பெசா வந்தது. சாதாரணப் பட்டன் போன் போதும், இணையம் வேண்டாம். தெருமுனைக் கடைக்காரரிடம் காசைக் கொடுத்தால் போனில் ஏற்றுவார். போனில் இருப்பதைக் காசாகவும் தருவார். வங்கிப் பக்கமே போகாதவர்கள் ஊருக்குப் பணம் அனுப்பினார்கள். மக்கள் கையில் இருந்த போனுக்குத் தக்கபடி சேவையைச் செய்தார்கள்.

இங்கே மலேசியாவில் தலைகீழ். பழைய போன்கள் இணையத்துக்கு நம்பியிருந்த 3ஜி அலைவரிசை 2021 இறுதியோடு நிறுத்தப்பட்டது. 2022-இல் நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, எஸ்எம்எஸ்ஸில் வரும் ஒருமுறை எண்ணை (ஓடிபி) விட்டுவிட்டு வேறு பாதுகாப்பான வழிக்கு மாறும்படி வங்கிகளிடம் சொன்னது. மோசடியில் சேமிப்பை இழந்தவர்களை நினைத்தால் அது தேவையான முடிவுதான், மறுக்கவில்லை. ஆனால் செயலி ஓடாத போன் வைத்திருப்பவருக்கு மாற்று என்ன என்பதையும் அதே மூச்சில் சொல்லியிருக்க வேண்டாமா?

போன் கோபுரம் கட்டினால் எல்லாம் சரியாகும் என்பதையும் நான் நம்பவில்லை. 2024-இல் உலகில் சுமார் 260 கோடிப் பேர் இணையத்துக்கு வெளியே இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வாழ்வது அலைவரிசை எட்டும் இடத்தில்தான். போன் விலை, டேட்டா செலவு, புரியாத மொழி, பயம் எல்லாம் சேர்ந்துதான் அவர்களை வெளியே நிறுத்துகிறது.

மனம் இருந்தால் செய்யலாம் என்பதற்குச் சாட்சி நம் நாட்டிலேயே உண்டு. 2025 ஆகஸ்ட் 31 முதல், 18 வயது நிறைந்த எல்லா மலேசியருக்கும் அத்தியாவசியப் பொருள் வாங்க 100 ரிங்கிட் சாரா உதவி மைகாட் வழியாகவே கிடைத்தது. அட்டையை நீட்டி அரிசி வாங்க முடிந்தது. அந்த அட்டையின் சில்லிலேயே கைரேகை இருக்கிறது. அரிசிக்குச் செல்லும் அட்டை, ஒரு போன் நம்பரை மாற்றச் செல்லாதா?

ஒவ்வோர் அரசு அலுவலகத்திலும் மைகாட்டையும் கைரேகையையும் வைத்து நம்பர் மாற்றித் தரும் ஒரு கவுண்டர் கேட்டு, எங்கள் தொகுதிச் சேவை மையத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். உங்கள் தொகுதியிலும் கொடுங்கள். நகல் வேண்டுபவர்கள் உள்பெட்டியில் கேளுங்கள், அனுப்புகிறேன்.