கண்மாய்க்குப் படகுத்துறை எதற்கு?

பொங்கல் விடுமுறை நெருங்கினால் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு செய்திகள் தவறாமல் வந்துவிடும். கொடைக்கானலுக்கு வேன் பேசியிருப்பதாகவும் நான்கு பேருக்கு இடம் இருப்பதாகவும் சொல்வது ஒன்று. நம் ராமநாதபுரம் மாவட்டத்துக் கண்மாய்களில் படகும் பூங்காவும் பிள்ளைகளுக்கு ஊஞ்சலும் இருந்தால் நாம் ஏன் மலையேறப் போகிறோம் என்று அங்கலாய்ப்பது மற்றொன்று. இந்த ஆண்டு அதற்கு ஒரு மனுவே எழுதிக் கையெழுத்துக் கேட்டார்கள். நான் போடவில்லை. காரணத்தைக் குழுவில் நான்கு வரியில் சொன்னது சரியாகப் போய்ச் சேரவில்லை போலும், "நீங்க மட்டும் போய்ப் பாத்துக்கிட்டா போதுமாண்ணே?" என்று ஒரு தம்பி கேட்டுவிட்டார். நியாயமான கேள்விதான். அதனால்தான் இங்கே நீட்டி எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எல்லாரும் போக வேண்டும் என்பதே என் விருப்பம். கீழக்கரையிலும் ஏர்வாடியிலும் பிறந்து வளர்ந்து, கடலைத் தவிர வேறு நீர்ப்பரப்பையே நின்று பார்க்காத பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு தை மாதக் காலையிலாவது கண்மாய்க் கரையில் நிற்க வேண்டும். ஆனால் அங்கே போகிறவர் கொடைக்கானல் ஏரியை மனத்தில் வைத்துக்கொண்டு போகக் கூடாது. அந்த ஏரியும் மனிதர் கட்டியதுதான். 1863இல், அப்போதைய மதுரை ஆட்சியர் லெவிஞ்சின் முயற்சியில் உருவானது. வெயிலுக்குத் தப்பி மலைக்கு வந்தவர்கள் பொழுதுபோக்கவும் படகு விடவும் உண்டான ஏரி என்பதால் அதில் படகு ஓடுவதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கண்மாயின் கதை வேறு. ஆண்டுக்கு 800 மில்லிமீட்டரைச் சுற்றியே மழை பெய்கிற, அதிலும் பெரும்பகுதியை ஐப்பசியும் கார்த்திகையும் கொட்டித் தீர்த்துவிடுகிற, மேடும் பள்ளமும் அதிகமில்லாத தட்டை நிலம் இது. வந்த நீரைக் கரை போட்டு நிறுத்தி, மடையைத் திறந்து வயலுக்கு விட்டு, மிஞ்சியதைக் கலுங்கு என்கிற உபரிநீர் வழிப்போக்கு வழியாக அடுத்த ஊர்க் கண்மாய்க்கு அனுப்பி வைப்பதுதான் இங்கே ஆயிரம் ஆண்டுக்கு மேலாக நடந்துவரும் ஏற்பாடு. வைகையே எங்களிடம் வந்து ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்குள்தான் அடங்குகிறது; நல்ல வெள்ளம் வந்த ஆண்டில்தான் மிச்சம் ஆற்றங்கரை என்ற ஊரின் முகத்துவாரத்தை எட்டிப் பார்க்கும். ராஜசிங்கமங்கலத்துக் கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்' என்பார்கள். நாரை ஒரே மூச்சில் கடக்க முடியாத அகலம் என்று பொருள். ஒரு கண்மாயின் பெருமையைச் சொல்ல வந்தவர்கள் மடைகளை எண்ணியிருக்கிறார்கள், நாரையைக் கொண்டு அளந்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த சொலவடை இது.

காடு என்ற சொல்லும் எங்கள் பக்கம் வேறு மாதிரிதான். "காட்டுக்குப் போயிட்டு வாரேன்" என்று ஒருவர் சொன்னால் மிளகாய்ச் செடிக்குக் களை எடுக்கப் போகிறார் என்று பொருள். மரங்கள் அடர்ந்து நிழல் விழுகிற உண்மையான காட்டைப் பார்க்க வேண்டுமென்றால் கண்மாயின் உள்வாயில், அதாவது நீர் தேங்கும் உட்பகுதியில்தான் பார்க்க வேண்டும். இடுப்பளவு நீரில் நாட்டுக் கருவேல மரங்கள் கூட்டமாக நிற்கும். வெளியே தரிசையெல்லாம் மூடிக்கிடக்கும் சீமைக் கருவேலத்தையும் இதையும் ஒன்றாக நினைக்காதீர்கள். அடியில் நீர், மேலே முள், மடை வழியே போன பக்கத்து வயல்களில் மீனும் நத்தையும் தவளையும்: கூடு கட்டுகிற பறவைக்கு இதைவிட என்ன வேண்டும்? சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல், 593 ஹெக்டேர் பரந்த மேலச்செல்வனூர் - கீழச்செல்வனூர் என்று எங்கள் கண்மாய்கள் பறவைகள் சரணாலயமானது இதனால்தான். இவற்றில் முதல் இரண்டும் 2022இலும் அடுத்த இரண்டும் 2025இலும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. உலகம் பார்த்து மதிக்கிற ஈரநிலங்களுக்கு ஒரு மணி நேரத் தொலைவில் இருந்துகொண்டுதான் நாம் ஊஞ்சல் இல்லையே என்று வருந்துகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் செய்த ஒரு தவற்றையும் சொல்ல வேண்டும். முதன்முறையாகச் சித்திரங்குடிக்குப் போனது ஒரு மார்கழிக் காலையில். முதுகுளத்தூரைத் தாண்டும்போதே பனி விலகத் தொடங்கியிருந்தது. கரைக்கு ஏறுவதற்கு முன்பே மூக்கில் ஏறியது எச்சமும் பழைய மீனும் கலந்த நெடி. ஏறிப் பார்த்தால் மரத்துக்கு மரம் கூடுகள். ஒரே மரத்தில் கீழ்க்கிளையில் நீர்க்காகம், நடுவில் கரண்டிவாயன், உச்சியில் சங்குவளை நாரை என்று மாடி வீடுபோல் குடியிருந்தன. வெயில் ஏறியதும் ஒரு நாரை கூட்டின் விளிம்பில் நின்று, இரண்டு சிறகையும் பாதி விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் பிடித்தது. கால் மாற்றுவதும் சிறகைச் சற்றுத் தாழ்த்துவதும் மறுபடி விரிப்பதுமாக முக்கால் மணி நேரம் அப்படியே நின்றது. அதை ஒரு படம் எடுக்க வேண்டும் என்ற ஆசையில் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு நான் கரையின் உட்சரிவில் இறங்கிவிட்டேன்.

நாலைந்து அடிதான் வைத்திருப்பேன். செருப்பு சேற்றில் புதைந்தது, கிளையைப் பிடித்தேன், முள் உள்ளங்கையில் ஏறியது, கத்திவிட்டேன். அருகில் இருந்த இரண்டு மரங்களும் ஒரே நொடியில் காலியாயின. பறவைகள் மேலே வட்டமிட்டுக்கொண்டிருந்த அந்த ஒரு நிமிடத்துக்குள் எங்கிருந்தோ இரண்டு காக்கைகள் வந்து ஒரு கொக்கின் கூட்டில் உட்கார்ந்தன. அங்கே என்ன நடந்தது என்று நான் விளக்க வேண்டியதில்லை. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் கோபமாகக்கூடப் பேசவில்லை. "கரையில நின்னு பாருங்க தம்பி, உள்ள எறங்காதீக. நீங்க போயிருவீக, அதுக இங்கதான இருக்கணும்" என்றார்.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தைப் பின்னொரு நாள் வாசித்தபோது, முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் 'வேட்டை' என்ற சொல்லின் விளக்கத்துக்குள்ளேயே வருவதைக் கண்டேன். அந்தக் கணக்கில் செருப்பைச் சேற்றில் விட்ட நானும் அன்று ஒரு வேட்டைக்காரன்.

ஒரு மனிதனின் நாலைந்து அடிக்கே இப்படியென்றால், மணிக்கு நான்கு முறை மரங்களுக்கு நடுவே போய் வருகிற படகு என்ன செய்யும்? பயந்த நாரைக் குஞ்சு, தாய் ஊட்டிய மீனைக் கக்கிவிட்டுக் கூட்டோடு கூடாக ஒட்டிப் படுத்துக்கொள்ளும். அந்த மீனுக்காகத் தாய் மறுபடியும் பல கிலோமீட்டர் பறக்க வேண்டும். படகில் இருப்பவர்களுக்கு அது ஓர் அழகான படம், அவ்வளவுதான். அதோடு, படகு விட வேண்டுமென்றால் நீர் நிற்க வேண்டும். நீர் நிற்க வேண்டுமென்றால் மடையைத் திறக்கக் கூடாது. பயிர் வாடும்போது கண்மாய் நீரை நம்பிப் பயிர் செய்யும் ஆயக்கட்டுக்காரரிடம் போய், ஞாயிற்றுக்கிழமைச் சவாரிக்கு நீர் வைக்க வேண்டும் என்று யார் சொல்லப்போகிறார்கள்? பறவை எச்சம் கலந்த நீர் பயிருக்கு நல்ல உரம் என்று அவர்கள் அறிவார்கள். அதனால் பறவைக்கும் வயலுக்கும் இங்கே சண்டை இல்லை. மூன்றாவதாக நாம் போய் ஒரு சண்டையைத் தொடங்க வேண்டாம்.

படகில் போக ஆசை என்றால் காரங்காட்டுக்குப் போகலாம். தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையில், பாக் நீரிணைக் கரையில், வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். துடுப்புப் படகும் உண்டு. கடல் ஏறி இறங்குகிற இடம் அது, படகு புதிதல்ல, வருகிற காசு ஊருக்குப் போகிறது. பக்கத்திலேயே இப்படி ஒன்று இருக்கும்போது கண்மாயையும் அதேபோல் ஆக்கச் சொல்வது, அடுப்படியில் ஏன் கட்டில் போடவில்லை என்று கேட்பது போலிருக்கிறது.

சித்திரையில் போய்ப் பார்த்துவிட்டு "ஒன்றுமே இல்லை, ஏமாற்றம்" என்று கூகுள் வரைபடத்தில் ஒற்றை நட்சத்திரம் கொடுத்திருக்கிறார் ஒருவர். சித்திரையில் கண்மாய் வெடித்துக் கிடக்கும், பையன்கள் ஸ்டம்பு நட்டு விளையாடுவார்கள், ஆடு படுத்திருக்கும். மழை பொய்த்த ஆண்டில் தை மாதமும் அப்படித்தான் இருக்கும், பறவையும் கூடு கட்ட வராது. அந்த நட்சத்திரத்தை வானத்துக்கும், அதைவிட முக்கியமாக, கண்மாய்க்கு மழைநீரைக் கொண்டுவருகிற வரத்துக்காலுக்கும் கொடுத்திருக்கலாம். மழை பெய்தும் நிறையாத கண்மாய்கள் எத்தனை என்று வரத்துக்கால் ஓரமாக நடந்து பார்த்தால் தெரியும். சீமைக் கருவேலம் அடைத்தது பாதி, சாலை போட்டவர்கள் குழாயைச் சிறிதாக வைத்து அடைத்தது கொஞ்சம், வேலியை ஆண்டுக்கு ஒரு முழம் நகர்த்தியவர்கள் அடைத்தது மீதி. இதில் சீமைக் கருவேலத்துக்கு மட்டும்தான் எல்லாரும் சேர்ந்து வசை பாடுகிறோம்; மரம் திருப்பிப் பேசாது என்ற வசதி இருக்கிறது.

ஆகவே, அந்த மனுவில் படகுத்துறை என்ற சொல்லை அடித்துவிட்டு வரத்துக்காலைத் தூர்வார வேண்டும் என்று எழுதினால் நானே முதல் கையெழுத்துப் போடுகிறேன். கரைமேல் நடக்க ஒரு பாதை, ஒரு கழிப்பறை, வாடகைக்கு இரண்டு பைனாகுலர், பறவைகளின் பெயரைச் சொல்லித்தர உள்ளூர்ப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு வேலை. இவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். இவ்வளவுக்கே போகிறவர்கள் போவார்கள்.

கேள்வி கேட்ட தம்பிக்கு: வருகிற ஞாயிறு காலை ஐந்து மணிக்குக் கிளம்புகிறோம், வண்டியில் உங்களுக்கும் ஓர் இடம் வைத்திருக்கிறேன். சாப்பாடு என் வீட்டிலிருந்து வருகிறது. வெள்ளைச் சட்டை போட்டு வராதீர்கள். பறவை மிரளும் என்பது ஒரு காரணம். திரும்பும்போது அது வெள்ளையாக இருக்காது என்பது இன்னொன்று.