வாயை மூடிக்கொண்டு ஒன்பதாவது கோளுக்கு

அறிவியல் புனைகதை, எல்லோரும் ஒரே அணி, கதை தொடர்ந்து போகும் என்று சொல்லி வரும் போர்டு கேம்களைப் பார்த்தாலே எனக்குக் கொஞ்சம் பயம். இரண்டு கையாலும் தூக்க வேண்டிய பெட்டி, குவியலாக பிளாஸ்டிக் பொம்மைகள், ஒரு வார இறுதியையே விழுங்கும் விதிப்புத்தகம். அதனால்தான் 'தி க்ரூ: தி குவெஸ்ட் ஃபார் பிளானட் நைன்' பெட்டியைத் திறந்ததும் சிரிப்பு வந்தது. சீட்டுகள், சில வில்லைகள், ஒரு குறிப்பேடு. அவ்வளவுதான். போர்டே இல்லாத போர்டு கேம்! தாமஸ் சிங் வடிவமைத்து 2019இல் வந்த ஆட்டம், 2020இல் ஜெர்மனியின் கென்னர்ஷ்பீல் விருது (கொஞ்சம் அனுபவமுள்ள ஆட்டக்காரர்களுக்கான ஆட்டங்களுக்குத் தருவது) வாங்கியது. மொத்தம் 50 மிஷன்கள். நாங்கள் இன்னும் பாதிகூடத் தாண்டவில்லை. அதனால் இதை முதல் அபிப்பிராயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடிப்படையில் இது துருப்பு, அதாவது மற்ற நிறங்களையெல்லாம் வெல்லும் சீட்டு, வைத்து ஆடும் சீட்டாட்டம். நான்கு நிறங்கள், ஒவ்வொன்றிலும் 1 முதல் 9 வரை, துருப்பாக நான்கு ராக்கெட்டுகள். முதலில் இறக்கிய நிறம் கையில் இருந்தால் அதைத்தான் போட வேண்டும், துருப்பு விழாவிட்டால் அந்த நிறத்தின் பெரிய சீட்டு பிடியை, அதாவது அந்தச் சுற்றில் ஆளுக்கொன்றாக விழுந்த சீட்டுகளை, எடுக்கும். ஆனால் இங்கே யாரும் யாரையும் தோற்கடிப்பதில்லை. 'இளஞ்சிவப்பு 4 அடங்கிய பிடியை நீ எடுக்க வேண்டும்' என்பது மாதிரி ஆளுக்கு ஆள் பணி இருக்கும். யாராவது ஒருவர் சொதப்பினாலும் எல்லோருக்கும் தோல்வி. கையில் இருப்பதைப் பற்றிப் பேசக் கூடாது. மிஷனுக்கு ஒரே ஒரு முறை, ஒரு சீட்டைத் திறந்து வைத்து, அந்த நிறத்தில் அது என் கையில் பெரியதா, சிறியதா, அது ஒன்று மட்டும்தானா என்பதை ஒரு வில்லையால் காட்டலாம். ராக்கெட்டை அதற்குக்கூடக் காட்ட முடியாது.

எனக்கு இந்த ஆட்டமே அந்த ஒரு விதிதான்.

கூட்டாக ஆடும் ஆட்டங்களில் பழைய வியாதி ஒன்று உண்டு. மேசையில் ஒரு நாட்டாமை முளைத்துவிடுவார். மேட் லீகாக்கின் 'பான்டெமிக்' 2008இல் வந்தது. இன்றைக்கும் எனக்குப் பிடித்த ஆட்டம்தான். ஆனால் எல்லாத் தகவலும் எல்லோர் கண் முன்னாலும் கிடப்பதால், நன்றாகக் கணக்குப் போடுபவர் 'நீ அங்கே போ, நீ இதைச் செய்' என்று நான்கு பேருக்கும் சேர்த்து ஆடிவிடுவார். மற்ற மூவரும் காய் நகர்த்தும் கைகள், அவ்வளவுதான். 'தி க்ரூ'வில் நாட்டாமைக்கு வேலையே இல்லை. அடுத்தவர் கையில் என்ன இருக்கிறது என்றே தெரியாதவர் எதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது?

ஒன்பதாவது மிஷனில் பணிச்சீட்டே கிடையாது. ஏதாவது ஒரு 1, ஒரு பிடியை ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆட்டத்திலேயே பலவீனமான சீட்டு அது. நண்பர் நீல 1ஐத் திறந்து வைத்து, வில்லையை 'சிறியது' என்ற இடத்தில் வைத்தார். 1 சிறியதுதான், அதைச் சொல்ல வேறு வேண்டுமா என்று ஒரு கணம் தோன்றியது. அப்புறம்தான் உறைத்தது: 'ஒன்று மட்டும்' என்று அவர் வைக்கவில்லையே, அப்படியானால் கையில் வேறு நீலமும் இருக்கிறது. உடனே நீல 8ஐ இறக்கினேன். அடுத்தவர் ஒரு நொடி யோசித்துவிட்டு 9ஐப் போட்டுப் பிடியை எடுத்தார், எடுத்த கையோடு நீல 3ஐ இறக்கினார். என்னிடம் இருந்த 6 போனது, நண்பர் 7ஐப் போட்டு எடுத்தார். மேசையில் எங்கள் மூவரிடமும் நீலம் காலி. அவர் மெதுவாக அந்த 1ஐ நகர்த்தி வைத்தார். நாங்கள் ராக்கெட்டைத் தொடாமல் கண்ட சீட்டைக் கழித்துவிட்டோம். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கம் பக்கமாகக் கதை வாசிக்கச் சொல்லும் எந்தப் பெரிய பெட்டியும் எனக்கு அந்தச் சந்தோஷத்தைத் தந்ததில்லை.

கதை என்று பார்த்தால் சோப்ளாங்கிதான். குறிப்பேட்டில் மிஷனுக்கு ஒரு பத்தி, படித்ததும் மறந்துவிடும். பின்னணியிலாவது கொஞ்சம் அறிவியல் இருக்கிறது: நெப்டியூனுக்கு அப்பால் சில சிறு பொருள்களின் பாதைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருப்பதை வைத்து, அங்கே ஒரு பெரிய கோள் இருக்கலாம் என்று 2016இல் வானியலாளர்கள் பாட்டிகினும் மைக் பிரவுனும் சொன்னார்கள். புளூட்டோ பட்டியலிலிருந்து இறங்கியதற்கு முக்கியக் காரணமானவர்களில் ஒருவர் இதே பிரவுன்தான் என்பது தனி வேடிக்கை. ஆனால் ஆடும்போது இதெல்லாம் ஞாபகத்துக்கு வருவதில்லை. ஐந்தாவது மிஷன் மட்டும் விதிவிலக்கு. ஒருவருக்கு உடம்பு சரியில்லை, அவர் ஒரு பிடிகூட எடுக்கக் கூடாது. அங்கே கதையும் விதியும் ஒன்றாகவே நிற்கின்றன. இப்படி இன்னும் பத்து வைத்திருக்கலாம்.

குறை இன்னும் உண்டு. சில சமயம் சீட்டு விழும் விதத்திலேயே மிஷன் செத்துவிடுகிறது, யார் எவ்வளவு மூளையைக் கசக்கினாலும் வழி இல்லை. ஆபத்துச் சமிக்ஞை என்று ஒன்று கொடுத்திருக்கிறார்கள். எல்லோரும் ஒரே பக்கமாக, பக்கத்தில் இருப்பவருக்கு ஆளுக்கு ஒரு சீட்டு தள்ளலாம், ஆனால் குறிப்பேட்டில் ஒரு முயற்சி கூடுதலாக ஏறும். எங்கள் கூட்டத்தில் அதைத் தொடுவதே மானப் பிரச்சினை ஆகிவிட்டது. பேசக் கூடாது என்ற விதியை யார் காவல் காப்பது என்பது அடுத்த தொல்லை. பெருமூச்சு, தொண்டைக் கனைப்பு, சீட்டை ஓங்கிப் போடுவது எல்லாமே தகவல்தான். நாங்கள் இதில் கறார். ஆனால் கறாராக இருந்தால் மேசையில் சிரிப்பு குறைகிறது, அதையும் சொல்ல வேண்டும். சீட்டாட்டமே பழக்கமில்லாதவர் வந்தால் முதல் சில மிஷன்கள் அவருக்குப் பாடம், மற்றவர்களுக்குக் கொட்டாவி.

என்னைக் கேட்டால், ஆளை மாற்றாமல் ஆடுங்கள். எங்கள் கூட்டத்தில் ஒருவர் பெரிய சீட்டைக் கடைசிவரை பதுக்குவார், இன்னொருவர் முதலிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடுவார். இது தெரிந்த பிறகு நாங்கள் ஆடும் விதமே மாறிவிட்டது. நடுவில் ஒரு நாள் புதியவர் ஒருவர் சேர்ந்தபோது, ஏற்கெனவே சுலபமாக முடித்த மிஷனே மறுபடி எங்களைத் திணறடித்தது. இரண்டு பேர் ஆடவும் மாற்று விதி இருக்கிறது, பாதிச் சீட்டைத் திறந்து வைத்த மூன்றாவது ஆளாக ஒரு பொம்மைக் கை வரும். அது எனக்கு ஒட்டவில்லை. மூன்று பேராவது இருந்தால் மட்டும் வாங்குங்கள்.