43 கவர், 11 மணி நேரம், ஒரு பை

உங்கள் வீட்டிலும் அது இருக்கும். சமையலறைக் கதவுக்குப் பின்னாலோ, கேஸ் சிலிண்டருக்கு மேலே ஆணியிலோ, பெரிய ஜவுளிக்கடைக் கவர் ஒன்று தொங்கும். திறந்தால் உள்ளே கவர், அதற்குள் இன்னும் கவர். எங்கள் வீட்டில் அம்மா ஒவ்வொன்றையும் உதறி, நீளவாக்கில் மடித்து, சமோசா மாதிரி முக்கோணமாகச் சொருகி வைப்பார். "இருக்கட்டும்டி, எதுக்காவது ஆகும்." ஆகவும் செய்யும். மழைக்கு செல்போனைச் சுற்ற, ஊருக்குப் போகும்போது எண்ணெய் பாட்டிலைக் கட்ட, குளித்துவிட்டு ஈரத்துணியை எடுத்துவர. ஆனால் நாலு உள்ளே வந்தால் ஒன்றுதான் வெளியே போகும்.

இரண்டு வருடத்துக்கு முன்பு போகிக்கு வீடு ஒழிக்கும்போது அந்த மூட்டையை இறக்கித் தரையில் கொட்டி எண்ணினேன். 212. மூன்று பேர் இருக்கும் வீடு. கடைக்குப் பை எடுத்துப் போகிற குடும்பம் என்றுதான் அதுவரை எங்களைப் பற்றி எனக்கு நினைப்பு.

தெருப் பிள்ளைகள் போகிக்கு எரிக்க ஏதாவது கேட்டு வந்தார்கள். கொடுக்கவில்லை. அந்தப் புகையை முதலில் இழுப்பது அந்தப் பிள்ளைகள்தானே. குப்பை வண்டியில் போடவும் கை வரவில்லை. நாங்கள் திருச்சி. அரியமங்கலம் குப்பைக் கிடங்கு புகைந்த நாட்களைப் பார்த்தவர்கள். அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட குரோஷா, கொக்கி ஊசியால் பின்னும் பின்னல், ஞாபகம் வந்தது. டிவி மேலே விரிக்க, தலையணை உறை ஓரத்துக்கு என்று ஒருகாலத்தில் வெள்ளை நூலில் பின்னித் தள்ளியிருக்கிறேன். நூலுக்குப் பதில் கவர், அவ்வளவுதான் என்று நினைத்து உட்கார்ந்தேன். அவ்வளவுதான் இல்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் கவரைக் கழுவிக் காயவைக்க வேண்டும். மீன் வாங்கின கவரை இரண்டு தண்ணீர் கழுவினாலும் வாடை போகாது, அதை விட்டுவிடுங்கள். காய்ந்த கவரைத் தரையில் விரித்து, உள்ளங்கையால் தேய்த்துக் காற்றை வெளியேற்றி, பக்கத்து மடிப்புகளை நீவி, பாயைச் சுருட்டுவதுபோல் நாலாக மடிக்க வேண்டும். கைப்பிடியையும் அடித் தையலையும் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை ஓர் அங்குலத் துண்டுகளாக நறுக்கிக்கொண்டே போனால் ஒவ்வொன்றும் பிரிந்து ஒரு வளையமாக வரும். ஒரு வளையத்துக்குள் அடுத்ததை நுழைத்து, அதன் வாலை அதற்குள்ளேயே விட்டு இழுக்க வேண்டும். சின்ன வயதில் ரப்பர் பேண்டுகளைக் கோத்துத் தாண்டி விளையாடினோமே, அதே முடிச்சு. வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும். மெதுவாக இழுத்தால் முடிச்சு மிளகளவுக்குச் சுருங்கிப் பின்னலுக்குள் மறைந்துவிடும். இப்படிச் சேர்த்து உருண்டையாகச் சுற்றினால் நூல் தயார். ஒரு பைக்கான நூல் சேர்க்கவே எனக்கு மூன்று மணி நேரம் ஆகிறது.

ஊசியும் மாற வேண்டும். நூலுக்கு வைத்திருந்த மெல்லிய ஸ்டீல் ஊசி ஒரே இழுப்பில் கவரைக் கிழித்தது. 6 மில்லிமீட்டர் ஊசி வாங்கினேன். அதிலும் அலுமினிய ஊசிதான் சரியாக வழுக்குகிறது.

எல்லாக் கவரும் ஒன்றில்லை என்பது இரண்டாவது வாரத்தில் புரிந்தது. காய்கறிக் கடையின் மொடமொட கவர் மெல்லியது, ஆனால் இழுவை தாங்கும். ஜவுளிக்கடையின் வழவழப்பான கவர் கனமானது, இழுத்தால் நீளும். இரண்டும் பாலித்தீன்தான், வகை வேறு. ஒரே பையில் கலந்தால் ஒரு பக்கம் தொங்கிப்போகும். மக்கும் பை என்று அச்சடித்து வருவதைத் தொடவே தொடாதீர்கள். ஆறு மாதத்தில் உதிர ஆரம்பித்துவிட்டது. பால் கவரை நான் பின்ன எடுப்பதில்லை. பழைய பேப்பர் கடைக்காரர் எடை போட்டு வாங்கிக்கொள்கிறார். காசு கொடுத்து வாங்க ஆள் இருக்கும் பிளாஸ்டிக் தன் வழியைப் பார்த்துக்கொள்ளும். யாரும் சீந்தாத கவர்தான் எனக்கு வேண்டும்.

முதல் பையை அம்மாவிடம் காட்டினேன். பாராட்டவில்லை. திருப்பிப் பார்த்தார், உள்ளே கைவிட்டு அடியை அழுத்தினார். "அடி வட்டமா எடுத்திருக்க. தேங்காய் போட்டா ஒரு பக்கம் சாயும். கூடைக்கு எடுக்கற மாதிரி நீளமா எடு." அம்மா வயர் கூடைக்காரர். நாற்பது வருடமாகச் சிவன் கண், நெல்லிக்காய் முடிச்சு என்று பின்னிய கை. எங்கள் தெருவில் கல்யாணமாகிப் போன பெண்களில் பாதிப் பேர் அம்மா பின்னிய கூடையோடுதான் போனார்கள். அந்தக் கூடை இருபது வருடம் உழைக்கும், வயர் விட்டுப்போனால் அந்த இடத்தை மட்டும் மாற்றுவார்கள். பிளாஸ்டிக்கைக் கையால் பின்னிக் காலம் முழுக்க வைத்துக்கொள்வது நம் வீடுகளுக்குப் புதிதில்லை. வெளிநாட்டு வீடியோ பார்த்து வந்த புது மோகம் என்று இதைச் சொல்பவர்கள் தங்கள் வீட்டுப் பரணில் பாட்டியின் வயர் கூடை இருக்கிறதா என்று பார்க்கட்டும்.

அம்மா சொன்னபடி நீள அடி எடுத்து, கைப்பிடியை இரட்டைப் பின்னலாக்கினேன். இன்றைக்கும் அந்தப் பையில்தான் காந்தி மார்க்கெட்டிலிருந்து வாரக் காய்கறி வருகிறது. ஏழு கிலோ தாங்குகிறது. அடியில் மண் ஒட்டினால் குழாயடியில் அலசி உதறினால் போதும்.

உருப்படியான மற்றவை: குளியலறை வாசலுக்குக் கால்மிதி, இது துணியைவிட நல்லது, தண்ணீர் நிற்காது, நாறாது. வெங்காயம் பூண்டு போட வாய் திறந்த கூடை, காற்று போகும். துணி காயப்போடும் கிளிப்புக்குப் பை. கோயிலுக்குப் போகும்போது எண்ணெயும் பூவும் வைக்கச் சின்னக் கைப்பை.

உருப்படாதவையும் இருக்கின்றன. சூடான பாத்திரம் வைக்க வட்டமாக ஒன்று பின்னினேன். அப்பளம் பொரித்த இரும்பு வாணலியை அதன்மேல் வைத்துவிட்டேன். எடுக்கும்போது பின்னலும் சேர்ந்து வந்தது. அந்த வாடை வீட்டை விட்டுப் போக ஒரு பகல் ஆனது, வாணலி அடியைச் சுரண்டி எடுக்க இன்னொரு பகல். பாலித்தீன் 110 முதல் 130 டிகிரிக்குள் உருகிவிடும். எண்ணெய்ச் சட்டிக்கு அது எந்த மூலைக்கு? அடுப்படியில் சூடு பக்கத்தில் இதைக் கொண்டுபோகவே கூடாது. அப்புறம் மொட்டை மாடியில் செடி தொங்கவிட உறி ஒன்று பின்னினேன். ஒரு கோடை முடிந்ததும் தொட்டால் செதில் செதிலாக உதிர்ந்தது. வெயில் பிளாஸ்டிக்கை முறுக வைத்துவிடும், அந்தத் துகள் நேரே மண்ணுக்குத்தான் போகும். பாத்திரம் தேய்க்கும் நார் பின்னச் சொல்லி நிறைய வீடியோக்கள் வருகின்றன. தேய்க்கத் தேய்க்கத் துகள் சாக்கடைக்குப் போகும், தட்டிலும் ஒட்டும். நான் அதைச் செய்வதில்லை, யாருக்கும் சொல்லிக் கொடுப்பதும் இல்லை. பாத்திரத்துக்குத் தேங்காய் நாரும் பீர்க்கங்கூடும் இருக்கின்றன.

இந்த இடத்தில் எப்போதும் ஒரு கேள்வி வரும். கவர்தான் தடை செய்தாயிற்றே, இன்னும் எங்கிருந்து வருகிறது? தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. துணி மாதிரியே தெரியும் நான்-ஓவன் பையும் அந்தப் பட்டியலில் உண்டு, அது துணி என்று நம்பி வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம் வந்தது. மனதார வரவேற்றேன், என் கைப்பையில் எப்போதும் ஒன்று இருக்கும். ஆனாலும் பூ வாங்கினால் கவர், மாவு வாங்கினால் கவர், ஆன்லைனில் ரவிக்கைத் துணி வாங்கினால் கவருக்குள் கவர். இதோடு ஏற்கெனவே வீட்டில் குவிந்து கிடப்பதைத் தடை என்ன செய்யும்?

2019 அக்டோபரில் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை அறுத்து எடுத்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து, சாப்பாட்டு மிச்சத்தைக் கவரில் முடிச்சுப் போட்டுத் தெருவில் வைப்பவர்களைக் கண்டால் எனக்குப் பேசாமல் போக முடிவதில்லை. மாட்டுக்கு முடிச்சை அவிழ்க்கத் தெரியாது, கவரோடு விழுங்கிவிடும். ஒரு பைக்கு நான் பின்னுகிற 43 கவரால் உலகம் சுத்தமாகிவிடாது என்று எனக்குத் தெரியும். அந்த 43-ம் எந்த மாட்டின் வயிற்றுக்கும் போகவில்லை என்பதும் தெரியும்.

இதே காரணத்தில் தொடங்கிய ஒரு வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவில் காம்பியா என்று ஒரு சின்ன நாடு. அங்கே நிஜாவ் என்ற கிராமத்தில் ஐசாட்டு சீசே என்ற பெண், ஆடு மாடுகள் கவரைத் தின்று சாவதைப் பார்த்து, 1997-ல் சில பெண்களைச் சேர்த்துக்கொண்டு கவரைக் கழுவி, கீற்றாக வெட்டி, குரோஷாவில் கைப்பை பின்ன ஆரம்பித்தார். குப்பையில் கை வைப்பதா என்று முதலில் எதிர்ப்புதான். பிறகு அந்தப் பைகள் விற்றன, பெண்கள் கையில் சொந்தக் காசு வந்தது, மற்ற ஊர்ப் பெண்களும் கற்றுக்கொண்டார்கள். 2015-ல் காம்பியா பிளாஸ்டிக் பையைத் தடை செய்தது. எனக்கு இதில் பிடித்தது, அவர்கள் பொழுதுபோகாமல் பின்னவில்லை என்பது. விற்கத்தான் பின்னினார்கள், விலை சொல்லி விற்றார்கள்.

நம் ஊரில் விலை சொன்னால் நடப்பது இது. போன வருடம் ஒரு கைவினைக் கண்காட்சியில் தோழிகள் மூன்று பேர் சேர்ந்து மேசை போட்டோம். பையைத் தூக்கிப் பார்த்த ஒரு பெண்மணி, நல்ல பட்டுப்புடவை, நல்ல ரசனை, பின்னலைத் தடவித் தடவிப் பார்த்தார். விலை கேட்டார். 400 என்றேன். "என்னங்க, தூக்கிப் போடற கவர்ல பின்னினதுக்கா 400? உங்களுக்கு அசல் ஒண்ணுமே இல்லையே!"

அசல் ஒன்றுமே இல்லை. இந்தச் சொல் இன்றைக்கும் எனக்குள் அறுக்கிறது. அந்தப் பைக்குப் போனது 43 கவர், 11 மணி நேரம். 400-ஐ 11-ஆல் வகுத்தால் மணிக்கு 36 ரூபாய் சொச்சம். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26-க்கு நிர்ணயித்த ஒரு நாள் கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரம் என்று வைத்தால் மணிக்கு 42. கழுத்து வலிக்க, விரல் நுனி சிவக்கப் பின்னியது அதற்கும் கீழே. அந்த அம்மா ஏமாற்றுக்காரி இல்லை. கவர் சும்மா வந்ததால் கையும் சும்மா வந்தது என்று நினைக்கப் பழகிவிட்டோம், அவரும் அப்படித்தான். குயவரிடம் போய் மண்ணுக்கு என்ன விலை என்று கேட்போமா? வீட்டிலிருக்கும் பெண் கைவேலை என்றாலே அது மிச்ச நேரத்தில் தானாக விளைந்தது என்று ஒரு எண்ணம். அம்மாவின் கூடைக்கும் இதே கதைதான். வயர் காசை வாங்கிக்கொள்வார், கூலி கேட்க வாய் வராது. "தெரிஞ்சவங்கதானே" என்பார். நாற்பது வருடம், எத்தனை நூறு கூடை, எல்லாம் தெரிந்தவர்களுக்கு.

நான் கூலி கேட்கிறேன். குறைக்கச் சொன்னால் மணிக்கணக்கைச் சொல்கிறேன். சில பேர் வைத்துவிட்டுப் போகிறார்கள், சில பேர் யோசித்துத் திரும்பி வருகிறார்கள். இதைத் தொழிலாகச் செய்ய நினைக்கும் பெண்களுக்கு என் வேண்டுகோள், 100 ரூபாய்க்கு விற்றுவிடாதீர்கள். வேண்டியவருக்குச் சும்மா கொடுங்கள், அது அன்பு. பாதி விலைக்கு விற்றால் அடுத்து வருகிற பெண்ணின் கூலியையும் சேர்த்து இறக்குகிறீர்கள்.

இன்னொன்று, கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். பின்னுவதற்கென்றே கலர் கலராகப் புதுக் குப்பைக் கவர் ரோல் வாங்குகிறார்கள். பழைய கவரில் ஒரே நிறம் கிடைக்காதாம், படத்தில் அழகாக வராதாம். வேண்டாம். அதற்கு நல்ல பருத்தி நூல் வாங்கிப் பின்னுங்கள், காசு நூற்பாலைக்காவது போகும். பழைய கவரின் கடையெழுத்து துண்டு துண்டாகப் பின்னலுக்குள் தெரிவதுதான் இதற்கு அழகு. என் மார்க்கெட் பையில் ஒரு மூலையில் சிவப்பாக "ல்க்ஸ்" என்று மட்டும் தெரியும். தீபாவளிக்கு அப்பாவுக்கு வேட்டி எடுத்த கடை.

இந்த வருடப் போகிக்கு மறுபடி எண்ணினேன். 61. பின்னியது பாதிக் காரணம். ஒவ்வொரு கவரையும் கழுவி, காயவைத்து, வெட்டி உட்கார்ந்தவளுக்குக் கடையில் ஒன்றை வாங்கக் கை நீளாது என்பது மீதிக் காரணம். இப்போதெல்லாம் அக்கம்பக்கத்தில் கேட்டுத்தான் நூல் சேர்க்கிறேன்.

எங்கள் தெருவுக்குக் கீரை கொண்டுவரும் அம்மாவுக்குப் போன மாதம் ஒரு பை கொடுத்தேன். சாக்கில் கட்டி வந்தால் முளைக்கீரை வெந்துபோகிறது என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அகலமாக, கண் கண்ணாக, காற்று போகிற மாதிரி பின்னியிருந்தேன். காசு வேண்டாம் என்றதும் இரண்டு கட்டு அரைக்கீரையை என் கையில் திணித்துவிட்டுப் போனார். நாலு நாள் கழித்து வந்தார். "கண்ணு, பை நல்லாத்தான் இருக்கு, தண்ணி தெளிச்சா அப்படியே வடிஞ்சிருது. காதுதான் குட்டையா இருக்கு. தோள்ல மாட்டற மாதிரி ஒரு சாண் நீட்டிக் குடேன்."

ஒரு சாணுக்கு ஆறு கவர் வேண்டும். எதிர்வீட்டில் கேட்டு வைத்திருக்கிறேன்.