அந்தப் பல்லிக்குப் போக வேறு காடு இல்லை

நேற்று இரவிலிருந்து அந்த வீடியோவைத்தான் எல்லோரும் பகிர்கிறீர்கள். யார் போட்டது என்று நான் சொல்லத் தேவையில்லை. கண்ணாடித் தொட்டிக்குள் விரல் நீளத்தில் ஒரு நீலப் பல்லி. “இது காட்டில பிடிச்ச ஒரிஜினல்” என்று பெருமை வேறு. நான் கீழே இரண்டு வரி எழுதியதற்கு வந்த பதில்: “ஒரு பல்லிதானே அக்கா, ஏன் இவ்வளவு கோபம்?”

ஏனென்றால் அதற்குப் போக வேறு காடு இல்லை. தன்சானியாவில் உளுகுரு மலையடிவாரத்தில் கிம்போசா என்ற காடு, பக்கத்தில் சில துண்டுக் காடுகள். எல்லாம் சேர்த்து 8 சதுர கிலோமீற்றர் அளவுதான் அதன் வாழிடம். நாலு கிலோமீற்றர் நீளம், இரண்டு கிலோமீற்றர் அகலம். காலைச் சாப்பாட்டுக்கு முதல் சைக்கிளில் சுற்றி வந்துவிடலாம். அதற்குள்ளும் ஒருவகைத் தாழையில்தான் அது குடியிருக்கும். பிடிப்பவர்கள் தாழையையே வெட்டிச் சாய்த்துப் பிடித்தார்கள். 2004 கடைசியிலிருந்து 2009 நடுப்பகுதிக்குள் 30,000க்கும் மேல் பிடித்திருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அழியும் ஆபத்தில் உள்ள உயிர்களைக் கணக்கெடுக்கும் உலகச் சிவப்புப் பட்டியலில் மிக மோசமான ஆபத்து நிலையில் அதைச் சேர்த்தது சும்மா இல்லை.

“ஒன்றுதானே” என்ற சொல்லை நான் பத்து வயதிலேயே கேட்டுவிட்டேன். மாமாவோடு போட்டில் புறாமலைத் தீவுக்குப் போனபோது மான்கொம்பு மாதிரி ஒரு முருகைக்கல்லை உடைத்து எடுத்தேன். ஒன்றுதானே, வைத்துக்கொள் என்றார். திரும்பி வரும்போது பார்த்தால் போட்டில் இருந்த எல்லோர் மடியிலும் ஒன்று. அம்மாவின் ஷோகேசில் வைத்தது இரண்டு நாளில் நாறி, நிறம் போய், சுண்ணாம்பு மாதிரி வெளுத்தது. அந்த நாற்றம் இன்னும் மறக்கவில்லை.

தொட்டியிலேயே குஞ்சு பொரித்ததையும் விற்கிறார்கள் என்கிறீர்கள். சரி, முறையான பத்திரம் இருந்தால் நான் சண்டைக்கு வரவில்லை. காட்டில் பிடித்தது என்று அவரே சொல்கிறாரே!

“எங்கட சனத்துக்கே ஆயிரம் பிரச்சினை, உனக்குப் பல்லியா?” என்று கேட்டதுதான் வலிக்கிறது. நானும் இந்தத் திருகோணமலையில்தான் இருந்தேன். சண்டையையும் பார்த்தேன், 2004 கடலையும் பார்த்தேன். ஓடுவதற்கு வேறு இடம் இல்லை என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியாதா? தெரிந்த நாங்களே இப்படிக் கேட்கலாமா?

எங்கள் நாட்டு உயிர்களையும் இப்படித்தான் கொண்டுபோகிறார்கள். நக்கிள்ஸ் மலையில், மூக்கில் இலை ஒட்டினது போல ஓர் ஓணான் இருக்கிறது. அதைக் காப்பாற்ற 2019இல் சைட்டிஸ் மாநாட்டில், அதாவது காட்டுயிர் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தத்தின் மாநாட்டில், இலங்கையே போய்க் கேட்டு, மிகக் கடுமையான காவல் உள்ள முதலாம் பட்டியலில் சேர்க்கவேண்டி வந்தது. இந்த நீலப் பல்லியும் 2017 தொடக்கத்திலிருந்து அதே பட்டியலில்தான். காட்டில் பிடித்ததை வியாபாரத்துக்காக நாடுவிட்டு நாடு கொண்டுபோகச் சட்டம் விடாது.

தம்பி, எந்த வருடம் வாங்கினீர்கள், யாரிடம் வாங்கினீர்கள் என்று நேற்றிரவே கேட்டேன். இதயமும் சிரிப்புமாக எத்தனையோ பேருக்குப் பதில் போட்டிருக்கிறீர்கள். எனக்கு மட்டும் இன்னும் பதில் இல்லை.