தண்டவாளத்தையும் பாருங்கள்
லெகோ பொம்மைகளை (பிளாஸ்டிக் துண்டுகளைப் பொருத்திக் கட்டுபவை) வாங்கி வைத்து விற்பது பற்றிய கட்டுரையில் "பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தாலே லாபம்" என்று சொல்லியிருப்பது லெகோ ரயிலுக்கு அப்படியே பொருந்தாது. 2009-இல் வந்த எமரால்டு நைட் என்ற லெகோ ரயில் செட்டின் பெட்டிக்குள் மோட்டாரே கிடையாது. தனியாகத்தான் வாங்க வேண்டும், அந்த வகை மோட்டார் இப்போது தயாரிப்பிலும் இல்லை. இதைச் சொல்லாமல் விற்பது சரியில்லை.

பெட்டியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 1991-இல் வந்த 9 வோல்ட் தண்டவாளம். அதன் மேல் உலோகத் தகடு இருக்கும். மின்சாரம் அதில் ஓடி, சக்கரம் வழியாக மோட்டாருக்கு ஏறும். ரயிலுக்குள் பேட்டரியே வேண்டாம். பின்னாளில் வந்ததெல்லாம் வெறும் பிளாஸ்டிக் தண்டவாளம்தான். அதனால்தான் பழைய மோட்டாரையும் வளைவுத் துண்டுகளையும் இன்னும் தேடி அலைகிறோம்.

நான் வாங்கிய பழைய மோட்டார் ஒன்று அசையவே இல்லை. ஏமாந்துவிட்டோம் என்றே நினைத்தேன். பார்த்தால் சக்கரத்தில் கருப்பாக அழுக்கு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்ததும் ஓட ஆரம்பித்தது, இன்றும் ஓடுகிறது. விற்பவர்கள் தயவுசெய்து துடைத்து, ஓட்டிப் பார்த்து, அந்த வீடியோவையும் சேர்த்துப் போடுங்கள். வெயிலில் வைத்து மஞ்சளான வெள்ளைத் துண்டுகளையும் மறைக்காமல் காட்டுங்கள்.