கோலா ஊற்றினால் கார் துரு போய்விடுமா?

"பழைய காரின் துருவில் கோலா பானம் ஊற்றித் தேய்த்து, பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) பூசி, பெயின்ட் அடித்தால் துரு திரும்பவே திரும்பாது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

கோலாவில் பாஸ்பாரிக் அமிலம் உண்டு. ஆனால் மிகச் சொற்பம். மேலோட்டமான துருவை இளக்கும், குழிக்குள் இறங்கிய துருவை அகற்றாது. சர்க்கரைப் பிசுக்கு தங்கினால் பெயின்ட்டும் சரியாகப் பிடிக்காது. பட்டியோ ஈரத்தை உறிஞ்சும். வடசென்னைக் கடலோரத்தில் காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் நிலைமை இன்னும் மோசம்: கடற்காற்றின் உப்பு ஈரத்தை இழுத்துத் தகட்டிலேயே நிறுத்துகிறது. பூச்சுக்கு அடியில் அரிப்பு தொடரும். கொப்புளம் வெளியே தெரியும்போது தகடே ஓட்டையாகியிருக்கலாம்.

வீட்டில் செய்பவர்கள் முதலில் நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவிக் காயவிடுங்கள். முகக்கவசம், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, 80ஆம் எண் உப்புத்தாளால் உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து, அன்றைக்கே எபாக்சி பிரைமர் (ஈரத்தைத் தடுக்கும் அடிப்பூச்சு) அடியுங்கள். பட்டி அதற்கு மேல்தான். ஓட்டைக்குப் பட்டி தீர்வே அல்ல, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். சேசிஸிலோ (காரின் அடிச்சட்டம்) சீட் பெல்ட் பிடிமானத்திலோ துரு இருந்தால் தயவுசெய்து நீங்களே கைவைக்காதீர்கள், பட்டறைக்குக் கொண்டுசெல்லுங்கள். விபத்தில் உயிர் காக்கும் பகுதிகள் அவை. கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகளைப் பட்டி அடைத்துவிடாமலும் பாருங்கள்.