மரம் எண்ணிகள் சார்பாக ஒரு புலம்பல்

அந்த நாற்பது நொடிக் காணொளியை நானும் பார்த்துவிட்டேன். தயவுசெய்து இனி யாரும் என்னை டேக் செய்ய வேண்டாம், இன்பாக்ஸிலும் அனுப்ப வேண்டாம். நேற்று மட்டும் பதினேழு பேர். அதில் ஒன்பது பேர் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் எமோஜியோடு. அந்த ஒன்பதில் ஒருவர் என் ஆய்வேட்டைத் திருத்திக்கொடுத்தவர். நன்றி சார்.

சிரித்தது தப்பே இல்லை. தொகுப்பாளருக்கு டைமிங் நன்றாகத்தான் வருகிறது. மேடையில் மூன்று ஆராய்ச்சியாளர்கள். "இவர் கேன்சர்ல இருந்து உயிரைக் காப்பாத்துறார். இவர் உங்க போனுக்கு பேட்டரி செய்றார். மேடம், நீங்க..." கொஞ்சம் நிறுத்தி, "மரத்தை எண்ணுறீங்க!" அரங்கம் அதிர்கிறது. அந்தப் பெண் பதில் சொல்ல வாயைத் திறக்கிறார். அங்கே வெட்டிவிட்டார்கள். காணொளி முடிந்தது.

நானும் காட்டில் மரம் எண்ணுகிறவள்தான். ஆனாலும் எனக்குத் தொகுப்பாளர்மேல் கோபம் இல்லை. (பொய். இருக்கிறது.) ஆனால் அதைவிடப் பெரிய கோபம் கீழே வந்து விழுந்த கருத்துகள்மேல். "மரம் எண்ண ஒரு டாக்டர் பட்டம், அதுக்கு மாசாமாசம் உதவித்தொகை வேற." "இந்தக் காசையும் சேர்த்து கேன்சர் ஆராய்ச்சிக்குக் குடுத்தா நாலு பேர் பொழைப்பான்."

நாலு பேர் பிழைப்பார்கள். சரி. எப்படிப் பிழைப்பார்கள் என்று பார்க்கலாம் வாருங்கள்.

1962-ல் அமெரிக்க வேளாண் துறையில் ஆர்தர் பார்க்லே என்றொரு தாவரவியலாளர் இருந்தார். வாஷிங்டன் மாநிலத்துக் காட்டில் ஒரு மரத்தின் பட்டையை உரித்துப் பையில் போட்டு, சீட்டு எழுதிக் கட்டினார். பசிபிக் யூ மரம். புற்றுநோய்க்கு மருந்து தெரிந்து அவர் அதை உரிக்கவில்லை. காட்டில் என்னென்ன இருக்கிறதோ ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்து அனுப்பு என்பதுதான் அவருக்கு இடப்பட்ட வேலை. நீங்கள் சிரித்தீர்களே, கிட்டத்தட்ட அந்த வேலை. மரவியாபாரிகளுக்கு யூ மரம் குப்பை. பெரிய மரங்களை வெட்டி ஏற்றியபின் மிச்சத்தோடு மிச்சமாகக் குவித்துக் கொளுத்தினார்கள்.

அந்தப் பட்டையிலிருந்த பொருளைப் பிரித்தெடுத்தவர்கள் மன்ரோ வாலும் மன்சுக் வானியும். வடிவத்தைக் கண்டு அவர்கள் வெளியிட்டது 1971-ல். ஒன்பது வருடம். அதற்குப் பிறகும் பெரிதாக யாரும் சீண்டவில்லை. கிடைப்பதோ துளி, தண்ணீரிலும் கரையாது, இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 1979-ல் சூசன் ஹார்விட்ஸ் என்ற அறிவியலாளர், அது செல்லுக்குள் என்ன செய்கிறது என்று காட்டினார். செல் இரண்டாகப் பிரியும்போது நுண்குழல்கள் உருவாகி, பிறகு கலைய வேண்டும். அதுவரை தெரிந்த மருந்துகள் அந்தக் குழல்களை உருவாகவிடாமல் தடுத்தன. இது நேர்மாறு: உருவானதைக் கலையவிடாமல் இறுக்கிப் பிடித்தது. செல் பாதி வழியில் மாட்டிக்கொண்டு செத்தது. 1992 டிசம்பரில்தான் கருப்பைப் புற்றுநோய்க்கு, இல்லை, சூலகப் புற்றுநோய்க்கு (இந்தக் குழப்பத்தை நானே இன்னும் செய்கிறேன்), மருந்தாக ஒப்புதல் கிடைத்தது. டாக்ஸால். மருந்துச் சீட்டில் பாக்லிடாக்செல் என்று இருக்கும்.

பட்டையைப் பையில் கட்டியதிலிருந்து முப்பது வருடம். இந்த முப்பது வருடத்தில் எந்த வருடத்தில் அந்த மேடையை நடத்தியிருந்தாலும் பார்க்லேவைப் பார்த்து அரங்கம் சிரித்திருக்கும்.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: எது யாருக்கு உதவும் என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி பேசுகிறவருக்குத்தான் கைதட்டல் கிடைக்கிறது.

இந்த மருந்து எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். புத்தகத்தில் படித்து இல்லை. அம்மாவுக்கு ஏறியது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை, ஒவ்வொரு முறையும் மூன்று மணி நேரம். முதல் தடவை நர்ஸ் பக்கத்திலேயே நின்று அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன். மருந்து தண்ணீரில் கரையாததால் ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த ஒரு திரவத்தில் கரைத்துக் கொடுக்கிறார்கள், அது சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையைக் கிளப்பும், அதனால்தான் முன்னாடியே ஸ்டீராய்டு ஊசி எல்லாம் போட்டோம் என்றார். பிறகு ஒரு குழாயை எடுத்துக் காட்டினார். "இதுக்குத் தனி டியூப்மா, மத்த டிரிப்புக்குப் போடுற பி.வி.சி. டியூப் ஆகாது." அதே எண்ணெய்த் திரவம், பி.வி.சி.யை வளைய வைப்பதற்காகச் சேர்த்திருக்கும் ரசாயனத்தைக் கரைத்து இழுத்துக்கொண்டு ரத்தத்துக்குள் போய்விடுமாம். எந்த பிளாஸ்டிக் கரையும், எது கரையாது என்று யாரோ ஒருவர் சோதனைச்சாலையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அவர்தான் பொருளறிவியல்காரர், மேடையில் பேட்டரி செய்தவரின் அதே துறை. (பொருளறிவியல் என்றால் பொருளாதாரமா என்று காணொளிக்குக் கீழே கேட்ட அன்பருக்கு: இல்லை.)

ஆக அம்மாவின் கையில் இறங்கிய அந்த ஒரு டிரிப்பில் மூன்று பேர் இருந்தார்கள். பட்டை உரித்தவர், செல்லை உற்றுப் பார்த்தவர், குழாயைச் சோதித்தவர். மேடையில் நீங்கள் உட்காரவைத்த அதே மூன்று பேர்! இதில் யாரை எடுத்துவிட்டு மீதிப் பேருக்கு அந்தக் காசைக் கொடுக்கப்போகிறீர்கள்?

அப்போது நான் ஆராய்ச்சி மாணவி. வேலை என்ன? தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் மரத்தைச் சுற்றி டேப்பைக் கட்டுவது, சுற்றளவைக் குறிப்பது, அலுமினிய வில்லையில் எண்ணை அடித்துத் தொங்கவிடுவது, அடுத்த மரம். அட்டை ஏறும். மழையில் நோட்டு நனையும். மாதக்கணக்காக இதுதான். இது அருமையான வேலை என்று நான் சொல்லவே மாட்டேன், பாதி நாள் சலிப்புதான். மருத்துவமனைக்கு வந்த பெரியப்பா, அம்மாவுக்கு டிரிப் ஏறிக்கொண்டிருக்கும்போதே, பாசமாகத்தான், கேட்டார்: "ஏம்மா, இவ்வளவு படிச்சிட்டு மரத்தை எண்ணிட்டிருக்கியே, இந்த மாதிரி மருந்து கண்டுபிடிக்கிற படிப்பா பாத்துப் படிச்சிருக்கக் கூடாதா?"

தலைக்கு மேலே பாட்டிலில் தொங்கிக்கொண்டிருந்தது மரப்பட்டையில் கண்டெடுத்த மருந்து. நான் எதுவும் சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லாததைத்தான் இன்றைக்கு உங்களிடம் இத்தனை பத்தியாக அடித்துக்கொண்டிருக்கிறேன் போல.

இனி வழக்கமான கேள்விகள்.

"ஜெயிச்ச ஒரு கதையைத் தூக்கிட்டு வந்துட்டே. தோத்தது எத்தனை?" ஏராளம். அந்தத் திட்டத்தில் ஆயிரக்கணக்கான தாவரங்களை அலசினார்கள், பெரும்பாலானவற்றில் ஒன்றுமே கிடைக்கவில்லை. அதைத்தானே நானும் சொல்கிறேன்? எந்தப் பையில் மருந்து இருக்கிறது என்று பை கட்டும்போது தெரியாது. ஒரு கதைதான் என்றால் இன்னொன்று தருகிறேன். நித்தியகல்யாணி நீரிழிவுக்கு உதவுமா என்று பார்க்கப் போனார்கள், ரத்த வெள்ளணுக்கள் குறைவதைக் கண்டார்கள், 1958-ல் அதிலிருந்து வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து வந்தது. அதன் தங்கையான வின்கிரிஸ்டின் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து. காடே வேண்டாம் என்றால், பார்னெட் ரோசன்பெர்க். மின்புலத்தில் பாக்டீரியா எப்படிப் பிரிகிறது என்று பார்க்க பிளாட்டினம் மின்முனையைப் போட்டார். பாக்டீரியா பிரியாமல் நூல் மாதிரி நீண்டுகொண்டே போனது. காரணம் மின்சாரமல்ல, எதனோடும் சேராது என்று எல்லோரும் நம்பிய அந்த பிளாட்டினம் கரைந்து கலந்தது. 1965-ல் வெளியிட்டார், 1978-ல் அது சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து. அந்தச் சேர்மமே பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து அலமாரியில் கிடந்ததுதான்.

"பணம் அளவுதானே, முன்னுரிமை வேண்டாமா?" வேண்டும். எண்ணுபவர்களுக்குத் தருவது எவ்வளவு சொற்பம் என்று ஒரு தடவையாவது பார்த்துவிட்டு வந்து கேளுங்கள், பேசலாம். இதற்கு மேல் இந்தக் கேள்விக்குப் பொறுமை இல்லை.

"உங்க ஆளுங்களே பொய் சொல்றாங்களே" என்று ஒருவர் கேட்டிருந்தார். இது நியாயமான அடி, வலிக்கிறது. புற்றுநோய் உயிரியலில் பெயர்பெற்ற 53 கட்டுரைகளிலிருந்து 193 சோதனைகளைத் திரும்பச் செய்து பார்க்க ஒரு குழு திட்டமிட்டது. 2021-ல் முடிவு வந்தபோது, செய்து முடிக்க முடிந்தது 23 கட்டுரைகளின் 50 சோதனைகளை மட்டும். முதலில் சொன்ன விளைவுகள் பெரும்பாலும் மிகச் சுருங்கிப் போயிருந்தன. பொருளறிவியலில் 2023-ல் எல்கே-99 கூத்து ஞாபகமிருக்கும். அறை வெப்பத்திலேயே மின்சாரத்தைத் தடையில்லாமல் கடத்தும் பொருள், அதாவது மீகடத்தி, என்று உலகமே குதித்தது, சில வாரத்தில் அது தாமிர சல்பைடு கலப்படம் காட்டிய வித்தை என்று ஆனது. எங்கள் பக்கமும் யோக்கியமில்லை. மரங்கள் பூஞ்சை இழை வழியாகப் பேசிக்கொள்கின்றன, தாய்மரம் குட்டிக்கு ஊட்டுகிறது என்று கதை கதையாய்ப் பரப்பினோம். காட்டில் அதற்கான ஆதாரம் அவ்வளவு பலமில்லை என்று 2023-ல் அதே துறையைச் சேர்ந்த மூவரே எழுதினார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த மூன்றிலும் பொய்த்தது எது? மேடையில் கைதட்டல் வாங்கிய பகுதி. அதைக் கண்டுபிடித்தது யார்? உட்கார்ந்து திரும்ப எண்ணியவர்கள்.

பேட்டரிக்காரரையும் விட்டுவிட வேண்டாம், பாவம், அவருக்கும் கைதட்டல் ஓசியில் வரவில்லை. ஜான் குட்இனஃப் போன் பேட்டரிக்குள் இருக்கும் அந்த கோபால்ட் ஆக்சைடு மின்முனையைச் செய்தது 1980. கடைக்கு வந்தது 1991. நோபல் கிடைத்தபோது 2019, அவருக்கு 97 வயது.

மரம் எண்ணி என்ன கிழித்தீர்கள் என்றால்: பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் 50 ஹெக்டேரில் ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு மேற்பட்ட எல்லா மரத்தையும் 1980களிலிருந்து திரும்பத் திரும்ப அளக்கிறார்கள். இரண்டு லட்சத்துக்கும் மேல். அமேசானில் அதே மாதிரி 321 இடங்களில் பல பத்தாண்டுகள் டேப் பிடித்தவர்களின் நோட்டுகளைச் சேர்த்துப் பார்த்துத்தான் 2015-ல் தெரிந்தது, அந்தக் காடு காற்றிலிருந்து உறிஞ்சும் கார்பனின் அளவு குறைந்துகொண்டே வருகிறது, மரங்கள் முன்பைவிடச் சீக்கிரம் சாகின்றன என்று. மேலே இருந்து பார்க்கும் செயற்கைக்கோளுக்குப் பச்சை தெரியும். எந்த மரம் எந்த வருடம் செத்தது என்பதற்கு யாராவது போய் அந்த வில்லையைத் திருப்பிப் பார்த்தாக வேண்டும்.

எழுதிக்கொண்டே வந்ததில் எனக்கே ஒன்று உறுத்துகிறது. யூ மரத்துக்காக வாதாட நான் எதை எடுத்தேன்? மருந்தை. அது மருந்தானதும் அந்த மரத்துக்கு என்ன நடந்தது தெரியுமா? பட்டையை உரித்தால் மரம் சாகும். மிக மெதுவாக வளரும் மரம், ஒரு நோயாளிக்கே பல மரம் தேவைப்பட்டது. அந்தக் காடுகளில் வாழும் புள்ளி ஆந்தையை 1990-ல்தான் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அறிவித்திருந்தார்கள். ஆந்தையா மனுஷனா என்று அங்கேயும் இதே மாதிரி மேடை, இதே மாதிரி சண்டை. ஐரோப்பிய யூவின் ஊசியிலையிலிருந்து பாதி தயாரான மூலப்பொருளை எடுத்து மீதியை ஆய்வகத்தில் முடிக்கலாம் என்று வேதியியலாளர்கள் வழி கண்டதால் பசிபிக் யூ தப்பியது. இலை திரும்ப முளைக்கும், பட்டை முளைக்காது. அதன் இமயமலைச் சொந்தக்காரனுக்கு அந்த அதிர்ஷ்டமில்லை. அது இன்று அழியும் நிலையில் உள்ள இனம்.

குப்பை என்றால் கொளுத்துவோம், மருந்து என்றால் உரிப்போம். அப்படியிருக்க நான் ஏன் பயனைக் காட்டியே வாதாடுகிறேன்? பழக்கம். முதல் முறை நிதி கேட்டு விண்ணப்பம் எழுதியபோது, "இக்காட்டில் மருத்துவ குணமுள்ள தாவரங்கள் இருக்கக்கூடும்" என்று ஒரு வரி சேர்த்தேன். என் ஆய்வுக்கும் அந்த வரிக்கும் ஒரு சம்பந்தமுமில்லை. நிதி வந்தது. அந்த வரியால்தான் வந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு எழுதிய எல்லா விண்ணப்பத்திலும் அந்த வரி இருக்கிறது. அந்த அரங்கத்தில் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு ஆறாவது தடவைக்குப் பிறகு விரல் நுனி மரத்துப்போனது. ஊசியில் நூல் கோக்க முடியாது. செல்லைப் பிரியவிடாமல் பிடித்த அதே பிடி, நரம்புக்குள் சரக்கு கொண்டுபோகும் நுண்குழல்களையும் பிடித்துக்கொள்ளும். "எந்த மரம்னு சொன்ன? நீ எண்ணுற காட்டுல அது இருக்கா?" என்று ஒருநாள் கேட்டார். இல்லைம்மா என்றேன். "அப்ப அதுல என்னதான் இருக்கு?" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். 212 இனம் இருக்கிறது என்று ஆரம்பித்து, நர்ஸ் வந்து டிரிப்பைக் கழற்றும்வரை பேர் பேராகச் சொன்னேன். அம்மாவுக்கு அதன்பின் மூன்று வருடம் கிடைத்தது.

இதைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். அந்தத் தொகுப்பாளரும் கேட்டிருக்கலாம். மூன்று நொடி பொறுத்திருந்தால் போதும்.

பதினேழு பேரும் எனக்கு அனுப்பியது அதே நாற்பது நொடிதான். முழு நிகழ்ச்சி யாரிடமாவது இருந்தால் அதை அனுப்புங்கள், இன்பாக்ஸிலேயே அனுப்பலாம். அந்தப் பெண் என்ன சொல்ல வாயைத் திறந்தார் என்று எனக்குத் தெரிய வேண்டும்.